பூசணத்துக்கு நஞ்சு வேண்டாம், பட்டினி போடுவோம்!

ஐப்பசி அடைமழை நான்கு நாள் விடாமல் பெய்தால், எடப்பாடியில் தறி வைத்திருக்கும் வீடுகளில் ஒரு கவலை புகுந்துவிடும். நெய்து மடித்து அடுக்கி வைத்த துணியில் பூசணம் பிடித்துவிடுமோ என்ற கவலைதான் அது. அடுக்கைப் பிரித்தால் மக்கல் வாடை வீசும். வெள்ளைத் துண்டின் மடிப்போரத்தில், மிளகைப் பொடித்துத் தூவினாற்போலக் கரும்புள்ளிகள் தெரியும். எவ்வளவு வெளுத்தாலும் அந்தப் புள்ளிகள் முழுவதும் மறைவதில்லை. பல நாள் உழைப்பு விலை போகாத சரக்காகி விடுகிறது.

இதே கரும்புள்ளிகளை இன்னோர் இடத்திலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுதான் குளிக்கும் இடத்தில் தொங்கும் படுதா. முன்பெல்லாம் கொல்லைப்புறத்தில் கீற்றுத் தட்டி கட்டி, வாசலுக்கு ஒரு கோணிச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். அது சில மாதங்களில் கறுத்து, இற்று, கையோடு வந்துவிடும். இன்று பல வீடுகளில் குளியலறையும் ஷவரும் வந்துவிட்டன. சாக்கு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் திரை தொங்குகிறது. ஆனால் புள்ளி மட்டும் போகவில்லை! திரையின் அடியோரத்தைத் திருப்பிப் பாருங்கள், கரும்புள்ளிகள் அங்கேயும் இருக்கும்.

'பூஞ்சையைத் தடுக்கும் திரை' என்று அச்சிட்ட உறைகளில் இப்போது குளியலறைத் திரைகள் விற்பனைக்கு வருகின்றன. நல்லதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அந்தத் திரை பூஞ்சையை எப்படித் தடுக்கிறது என்று கேட்டுப் பார்த்தீர்களா? பெரும்பாலும், துணியிலோ பிளாஸ்டிக்கிலோ பூஞ்சையைக் கொல்லும் ஒரு நஞ்சைச் சேர்த்துத்தான். இது தலைகீழ் வழி என்பது என் கருத்து. நஞ்சு தோய்த்த திரையைவிட, சீக்கிரம் உலரும்படி அமைத்த திரையே மேலானது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போமா?

பூசணத்துக்கு என்ன வேண்டும்?

பூசணம் என்று நாம் சொல்வது பூஞ்சை இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களின் கூட்டம். அவற்றின் வித்துத் துகள்கள் காற்றில் எங்கும் மிதந்துகொண்டிருக்கின்றன. இந்த வரியைப் படிக்கும் நேரத்திலேயே நீங்கள் பல துகள்களை மூச்சோடு உள்ளே இழுத்திருப்பீர்கள். ஆகவே, வித்துகளே வராமல் தடுப்பது நடவாத காரியம்.

வந்து அமர்ந்த வித்து முளைக்க நான்கு பொருள்கள் தேவை: காற்று, இதமான வெப்பம், ஈரம், உணவு. முதல் இரண்டும் நம் ஊரில் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. அவற்றை நாம் நிறுத்த முடியாது. நம் கையில் இருப்பவை ஈரமும் உணவும்தாம்.

ஈரம் என்றவுடன் சொட்டச்சொட்ட நனைந்திருக்க வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிப் பல நாள் நீடித்தாலே பருத்தித் துணியில் பூசணம் முளைக்கத் தொடங்கும். அதிலும் எல்லா நாரும் ஒன்றுபோல் நீரை ஏற்பதில்லை. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் வைத்த 100 கிராம் உலர்ந்த பருத்தி, காற்றிலிருந்து மட்டுமே சுமார் 8 கிராம் நீரை இழுத்துக் கொள்கிறது. சாக்கு நெய்யும் சணல் சுமார் 13 கிராம் இழுக்கும். பாலியெஸ்டரோ அரை கிராம்கூட ஏற்பதில்லை. கோணிப் படுதா ஏன் முதலில் இற்றுப்போனது என்பது இப்போது புரிகிறதல்லவா?

நாமே பரிமாறும் விருந்து

அடுத்தது உணவு. பருத்தி என்பது செல்லுலோஸ். சில பூஞ்சைகள் ஒருவகை நொதியைச் சுரந்து செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைத்து உண்கின்றன. ஆனால் அது கடினமான உணவு. அதைவிட எளிதான விருந்தை நாமே அவற்றுக்குப் பரிமாறுகிறோம்.

தறியில் ஏற்றுமுன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதை எடப்பாடி மாணவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல் அறாமல் இருக்க அது தேவை. சேலம், நாமக்கல் பகுதி மரவள்ளிக் கிழங்குக்குப் பெயர் பெற்றது. 1981-இல் சேலத்தில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது என்றால் பாருங்களேன்! அந்த மரவள்ளி மாவும் துணி ஆலைகளில் கஞ்சிக்குப் பயன்படுகிறது. நமக்குச் சுவையான மாவுப்பொருள் பூஞ்சைக்கும் சுவையானதே. கஞ்சியை நீக்காத துணி ஈரம் படும்போது சோறு பரப்பிய இலையாகி விடுகிறது.

இது புதிய தொல்லையன்று. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாகத் துணி அனுப்பின. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து பஞ்சு வருவது குறைந்தது. துணிக்கு எடை கூட்ட, ஆலைக்காரர்கள் மாவுடன் வெண்களிமண்ணையும் சேர்த்துக் கனமாகக் கஞ்சி போட்டார்கள். மாதக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் கிடந்த துணி பூசணம் பூத்துக் கரையேறியது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கஞ்சியைக் குறைப்பதற்குப் பதிலாகக் கஞ்சியில் துத்தநாகக் குளோரைடைக் கலந்தார்கள். பூஞ்சைக்கு விருந்தும் வைத்து, அதில் நஞ்சும் கலந்த கதை இது! நோயின் காரணத்தை விட்டுவிட்டு மருந்தைத் தேடும் பழக்கம் துணித் தொழிலில் அன்றே தொடங்கிவிட்டது.

பிளாஸ்டிக்கும் தப்பவில்லை

"பிளாஸ்டிக்கில் மாவும் இல்லை, செல்லுலோஸும் இல்லை. அதில் ஏன் பூசணம் வருகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

மலிவான திரைகள் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை வளையச் செய்ய எண்ணெய் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். அந்த எண்ணெய்ப் பொருள்களைச் சில பூஞ்சைகள் உண்ணும். அதைத் தடுக்க, ஆர்சனிக் கலந்த பூஞ்சைக்கொல்லியைக்கூடப் பி.வி.சி.யில் சேர்த்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. நாம் குளிக்கும்போது சோப்பும், உடலின் எண்ணெயும், உதிர்ந்த தோல் துகளும் திரையில் போய்ப் படிகின்றன. எந்தப் பொருளால் ஆன திரையானாலும் அதன்மீது ஒரு வழவழப்பான படலம் உண்டாகிறது. இதைச் 'சோப்புக் கறை' என்று ஒதுக்கிவிடுகிறோம். 2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், வீட்டுக் குளியலறைத் திரைகளில் படிந்த இந்தக் கறையை மரபணு முறையில் ஆராய்ந்தார்கள். அது வெறும் சோப்பு அன்று, பாக்டீரியாக்கள் கூடி வாழும் குடியிருப்பு என்று தெரியவந்தது. அதாவது, பூசணமும் பாக்டீரியாவும் திரையைத் தின்ன வேண்டியதே இல்லை. திரைமேல் படிந்த அழுக்கே அவற்றுக்குப் போதும்.

நஞ்சின் கணக்கு

இனி, நஞ்சு சேர்த்த திரையை எடுத்துக்கொள்வோம். நஞ்சு பூஞ்சையைக் கொல்ல வேண்டுமானால் அது நாரைவிட்டு வெளியேறிப் பூஞ்சையின் உடலுக்குள் போக வேண்டும். வெளியேறும் நஞ்சு ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். தீர்ந்தபின் திரை சாதாரணத் திரைதான். சரி, வெளியேறாதபடி நாரோடு பிணைத்துவிட்டால்? அப்போது அதன்மேல் சோப்புப் படலம் மூடிக்கொள்கிறது. பூஞ்சை அந்தப் படலத்தின் மேலே உட்கார்ந்து வளர்கிறது. நஞ்சு கீழே, விருந்து மேலே! ஆக, கரைந்தால் தீர்ந்துவிடுகிறது, கரையாவிட்டால் மூடிக்கொள்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நழுவ நஞ்சுக்கு எளிதான வழி இல்லை.

கரைந்து போனது எங்கே போகிறது? அமெரிக்காவின் அரிசோனாவில் 2008-இல், வெள்ளி நுண்துகள் சேர்த்த காலுறைகளை ஆய்வாளர்கள் நீரில் அலசிப் பார்த்தனர். பல காலுறைகளிலிருந்து வெள்ளி கழன்று நீரில் வந்தது. நம் குளியலறை நீரும் சாக்கடை வழியே எங்கோ ஒரு நீர்நிலைக்குத்தான் போகிறது. எடப்பாடி வழியே ஓடும் சரபங்கா நதி காவிரியில் போய்ச் சேருகிறது. காவிரி எத்தனை ஊர்களுக்குக் குடிநீர் என்று எண்ணிப் பாருங்கள்.

'இது பாதுகாப்பானது' என்று ஒரு காலத்தில் நம்பிய பொருள்கள் பின்னால் விலக்கப்பட்ட வரலாறும் உண்டு. துணிக்கும் கஞ்சிக்கும் பூசணம் வராமல் காக்கப் பென்டாகுளோரோபீனால் என்ற பொருளைப் பல நாடுகளில் சேர்த்து வந்தார்கள். 1989-இல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. அங்கே துணி அனுப்பும் ஒவ்வொருவரும் அதை விட்டுவிட நேர்ந்தது. 2015-இல் அது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் ஏறியது. டிரைகுளோசான் என்ற கிருமிக்கொல்லியும் அப்படித்தான். அது சேர்ந்த கைகழுவும் சோப்புகள் சாதாரண சோப்பைவிட மேலானவை என்று நிறுவப்படவில்லை எனக் கூறி, 2016-இல் அமெரிக்க உணவு, மருந்துத் துறை அவற்றின் விற்பனையை விலக்கியது.

நஞ்சே எக்காலத்திலும் கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, தென் பசிபிக் தீவுக் காடுகளில் அமெரிக்கப் படையினரின் கூடாரங்களும் பைகளும் பூஞ்சையால் இற்றுப்போயின. ஓயாத மழையில் கூடாரத்தைக் கழற்றி உலர்த்த முடியுமா? அங்கே செம்புச் சேர்மங்களைத் தோய்ப்பது நியாயம். ஆனால் அதே சமயத்தில் வேறு சிலர், துணியைத் தின்பவன் யார் என்று ஆராய்ந்தார்கள். சாலமன் தீவுகளில் இற்றுப்போன துணியிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சைகளில் ஒன்று செல்லுலோஸை உடைப்பதில் மிகத் திறமையானதாக இருந்தது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்ற அறிவியலாரின் நினைவாக 1977-இல் அதற்கு 'டிரைக்கோடெர்மா ரீஸி' என்று பெயரிட்டார்கள். இன்று அதன் நொதியைக் கொண்டே துணி ஆலைகளில் பருத்தித் துணியின் மேலுள்ள பிசிறை நீக்கி மெருகேற்றுகிறார்கள். கூடாரத்தைத் தின்ற பூஞ்சை துணிக்கு மெருகேற்ற வந்துவிட்டது! பகைவனைக் கொல்வதற்கு முன் அவனைத் தெரிந்துகொண்டால் எவ்வளவு பயன் பாருங்கள்.

திரையை எப்படி அமைக்கலாம்?

போர்க்களக் கூடாரம் வேறு, நம் குளியலறை வேறு. இங்கே திரையை உலர்த்த முடியும். அது தானே உலரும்படி அமைப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை.

முதலாவது, அடியோரம். கரும்புள்ளி எப்போதும் அடியோரத்தில் தொடங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? தையற்காரர் ஓரத்தை இருமுறை மடித்துத் தைக்கிறார். ஆகவே அங்கே துணி மூன்று அடுக்காகிறது. மூன்று அடுக்கு மூன்று மடங்கு நீரைப் பிடிக்கும். ஆனால் நீர் ஆவியாகும் வெளிப்பரப்போ ஓர் அடுக்குக்கு உள்ள அளவேதான். எனவே அது உலர ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் ஆகும். போதாக்குறைக்கு மேலிருந்து வடியும் நீரும் அங்கேதான் வந்து தங்குகிறது.

இதற்கு நெசவாளரின் கையிலேயே விடை இருக்கிறது. நெய்யும்போதே உண்டாகும் துணியின் கரை பிரியாது. அதை மடித்துத் தைக்க வேண்டியதில்லை. போர்வை நெய்யும் அகலத் தறியில், தறியின் அகலமே திரையின் உயரமாகும்படி நெய்து, துணியைப் பக்கவாட்டில் திருப்பித் தொங்கவிட்டால் என்ன? கரையே அடியோரமாகிவிடும். மடிப்பு இல்லை, தங்கும் நீரும் இல்லை. இந்த யோசனைக்கு ஒரு காசு மருந்துச் செலவும் கிடையாது.

இரண்டாவது, நார். நீர் படும் உட்பக்கத்துக்குப் பாலியெஸ்டர் இழைத் துணியை நெருக்கமாக நெய்தால், பி.வி.சி. பூச்சு இல்லாமலே தெறிக்கும் நீரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், உதறினால் உலர்ந்துவிடும். பாலியெஸ்டரிலும் குறை உண்டு. அது மட்காது, அதன் நுண்ணிழைகள் சலவை நீரில் போகும். ஆகவே பல ஆண்டு உழைக்கும்படி அதைச் செய்ய வேண்டும். பருத்திதான் வேண்டுமென்றால் நீர் படாத வெளித்திரையாக வைக்கலாம். அதிலும் கஞ்சியை நொதியால் முழுவதும் நீக்கியபின்பே தொங்கவிட வேண்டும்.

மூன்றாவது, காற்று. திரையின் மேற்பகுதியில் ஒரு சாண் அகலத்துக்கு வலைபோன்ற நெசவு இருந்தால் நீராவி வெளியேறும். அடியோரம் தரையைத் தொடாமல் நான்கு விரற்கடை மேலே நிற்க வேண்டும். குளித்து முடித்ததும் திரையைச் சுருக்கி ஒதுக்காமல் விரித்து விட வேண்டும். சுருக்கிய மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்கி வைத்த துணியைப் போலாகிவிடும்.

நான்காவது, கழற்றும் வசதி. கொக்கிகள் எளிதாகக் கழன்றால்தான் வாரம் ஒருமுறை சோப்பு போட்டு அலசி வெயிலில் போடத் தோன்றும். கழற்ற அரைமணி நேரம் ஆகும் திரையை யாரும் துவைக்கமாட்டார்கள். அழுக்குப் படலம் போனால் உணவு போயிற்று. வெயில் பட்டால் ஈரம் போயிற்று. பட்டினி என்பது இதுதான்.

ஒரு மறுப்பு

"வாரம்தோறும் துவைப்பது யார்? அம்மாதானே? நஞ்சு சேர்த்த திரை அவர் வேலையைக் குறைக்கிறதே?" என்று ஒருவர் கேட்கலாம். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். வேலையை ஒருவர் தலையில் சுமத்தும் வடிவமைப்பு நல்ல வடிவமைப்பாகாது. அதனால்தான் அடியோரத்தையும் கொக்கியையும் பற்றி இவ்வளவு சொன்னேன். சீக்கிரம் உலரும் திரைக்குத் துவைப்பும் குறைவு. நஞ்சு சேர்த்த திரையிலும் சோப்புப் படலம் படியத்தான் செய்யும். அதையும் துவைத்துத்தான் ஆகவேண்டும். உறையில் அச்சிட்ட வாசகம் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான். மேலும், குளித்தவர் திரையை உதறி விரித்துவிட்டு வருவது அரை நிமிட வேலை. அதை அம்மா வந்து செய்ய வேண்டுமா என்ன?

நீங்களே சோதியுங்கள்

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். பருத்தித் துணியில் ஒரே அளவான மூன்று துண்டுகள் எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதை ஒருமுறை மடித்துத் தையுங்கள். மூன்றாவதை மூன்று அடுக்காக மடித்துத் தையுங்கள். பாலியெஸ்டரில் அதே அளவில் நான்காவது துண்டு ஒன்று. எல்லாவற்றையும் நனைத்து, சொட்டுவது நின்றதும் சிறு தராசில் எடை போடுங்கள். ஒரே கொடியில் நிழலில் தொங்கவிட்டு, கால்மணிக்கு ஒருமுறை எடையைக் குறியுங்கள். நேரத்தை ஓர் அச்சிலும் எடையை மற்றோர் அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். மழை நாளில் ஒருமுறை, வெயில் நாளில் ஒருமுறை செய்து ஒப்பிடுங்கள். பூசணத்தை வேண்டுமென்றே வளர்க்க மட்டும் முயல வேண்டாம். அதன் துகள்கள் இளைப்பு நோய் உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யும். உலரும் நேரத்தை அளந்தாலே போதும். பூசணத்தின் கதை அதிலேயே அடங்கியிருக்கிறது.

சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இயங்கி வருகிறது. கோயம்புத்தூரில் 1956 முதல் தென்னிந்தியத் துணி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. கரூர், வீட்டு உபயோகத் துணிகளை உலகெங்கும் அனுப்புகிறது. துணியைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒரு வட்டாரத்தில் பிறந்த நீங்கள், நாளை ஒரு திரையை வடிவமைக்கும் இடத்தில் உட்காரக்கூடும். அப்போது, "இதில் எந்த மருந்தைச் சேர்க்கலாம்?" என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். "இது எங்கே நனைகிறது? எவ்வளவு நேரத்தில் உலர்கிறது?" என்று முதலில் கேளுங்கள்.

இன்றைக்கு வேறொன்றும் வேண்டாம். வீட்டுக்குப் போனதும் குளியலறைத் திரையின் அடியோரத்தைத் தொட்டுப் பாருங்கள். காலையில் குளித்தது மாலையிலும் ஈரமாக இருந்தால், குறை பூசணத்தில் இல்லை, அந்த மடிப்பில்தான் இருக்கிறது.